கைக்கு எட்டும் சுமை

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்புறத்தில் ஓர் எஃகுத் தொட்டியைப் பொருத்தி விற்பனைக்கு அனுப்பியது. விலை 281 டாலர். தொழிற்சாலையிலிருந்தே முழுமையாக வெளிவந்த ஃபோர்டின் முதல் பிக்கப் அது. அதற்கு முன்பு அமெரிக்க விவசாயிகள் காரை வாங்கிவந்து, பின்னால் தாங்களாகவே ஒரு பெட்டியை அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆண்டிலேயே சுமார் 34,000 வண்டிகள் விற்றன.

அந்தத் தொட்டியின் அளவுகளைப் பாருங்கள். நீளம் 56 அங்குலம், அகலம் ஏறக்குறைய 40 அங்குலம், ஆழம் 13 அங்குலம். பின்பக்கம் திறந்து மூடும் ஒரு கதவு. பக்கங்களை உயர்த்திக் கட்ட வேண்டுமானால் கம்பம் செருக நான்கு குழிகள். சுமை தாங்கும் கனத்த பின் வில்கள். ஒரு சுமைவண்டியின் முதல் வசதிகள் இவைதான்.

இன்று அமெரிக்கச் சாலைகளில் ஓடும் முழு அளவு பிக்கப்பின் தொட்டி, தரைமட்டத்தில் 65 அங்குலம் அளவுக்கு அகலமும், 21 அங்குலத்துக்கு மேல் ஆழமும் கொண்டது. அதில் இருக்கும் வசதிகளின் பட்டியலும் நீண்டுவிட்டது: மெல்ல இறங்கும் பின்கதவு, கதவுக்குள் ஒளிந்திருக்கும் படி, பம்பர் மூலையில் கால்வைக்கும் குழி, நகர்த்தக்கூடிய கொக்கிகள், உள்விளக்குகள், மின்செருகிகள், பூட்டும் பெட்டிகள். விற்பனைக்கூடத்தில் இவற்றைப் பார்ப்பவருக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் எழும். இவையெல்லாம் உண்மையில் பயன்படுமா, அல்லது விலையைக் கூட்டும் அலங்காரமா?

இந்தக் கேள்விக்கு ரசனையை வைத்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அளந்தே சொல்லலாம். அளவுகோல் நம் உடம்பிலேயே இருக்கிறது: கை எவ்வளவு தூரம் எட்டும், முதுகு எவ்வளவு தாங்கும், கால் எவ்வளவு உயரம் ஏறும்.

முதுகின் கணக்கு

தொழிலாளர் நலனை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று உண்டு. சுருக்கமாக அதை நையாஷ் என்பார்கள். கையால் சுமை தூக்குவதற்கு அந்நிறுவனம் வகுத்த சமன்பாடு 1991-ல் திருத்தி அமைக்கப்பட்டது. தொழிற்கூடங்களைத் திட்டமிடுவோர் இன்றும் அதைக் கையாள்கிறார்கள். அதன் அடிப்படை எளியது. எல்லாம் சரியாக அமைந்தால், பெரும்பாலான ஆரோக்கியமான தொழிலாளர்கள் ஆபத்தில்லாமல் தூக்கக்கூடிய எடை 23 கிலோ.

எல்லாம் சரியாக அமைவது என்றால் என்ன? சுமையைப் பிடிக்கும் கை, கணுக்கால்களின் நடுப்புள்ளியிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது நேராக நிற்பவர் கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி வரும் உயரத்தில், சுமை இருக்க வேண்டும். உடலைத் திருகக் கூடாது. பிடி நன்றாகக் கிடைக்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றிலிருந்தும் விலக விலக, 23 கிலோ தேய்ந்துகொண்டே வரும்.

மிக வேகமாகத் தேய்ப்பது தூரம். 25-ஐத் தூரத்தால் வகுத்து வரும் பின்னத்தை 23 கிலோவோடு பெருக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அனுமதி பாதியாகிவிடும். 63 சென்டிமீட்டரைத் தாண்டினால் சமன்பாடு நேரடியாகச் சுழியம் என்கிறது. அந்தத் தொலைவில் பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை என்று எதுவும் இல்லை.

ஏன் இவ்வளவு கடுமை? நம் முதுகெலும்பு ஒரு நெம்புகோல். அதை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசைகள், எலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கின்றன. 20 கிலோ பெட்டியை முதுகெலும்பிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் பிடித்தால், தசை 6 மடங்கு, அதாவது 120 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தாக வேண்டும். அதே பெட்டியை 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 240 கிலோ. குனியும்போது நம் மேலுடலின் எடையும் இதோடு சேர்ந்துகொள்ளும். இத்தனை விசையும் இடுப்புக்கருகே உள்ள முதுகெலும்பு வட்டுகளை நசுக்குகிறது. வட்டு தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு நையாஷ் வைத்திருக்கும் வரம்பு 3,400 நியூட்டன். ஏறக்குறைய 350 கிலோ எடை. சாதாரணமாகத் தோன்றும் ஒரு பெட்டியே அந்த வரம்பின் வாசலுக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எட்டாத நடுவிடம்

இப்போது தொட்டிக்குத் திரும்புவோம். மாடல் டி பிக்கப்பின் அகலம் 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டர். பக்கத்தில் நிற்பவருக்கு அதன் நடுக்கோடு சுமார் 50 சென்டிமீட்டர் தூரம். பக்கச் சுவரின் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஆக, கொஞ்சம் சாய்ந்தால் தொட்டியின் எந்த மூலையையும் கை தொட்டுவிடும்.

இன்றைய தொட்டியின் அகலம் 165 சென்டிமீட்டர். நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேல். சுவரின் தடிமனும் காலுக்கும் வண்டிக்கும் இடையே உள்ள இடைவெளியும் வேறு சேரும். 63 சென்டிமீட்டர் என்ற வரம்பு எப்போதோ கடந்துபோயிற்று. தொட்டியின் நடுவில் கிடக்கும் மூட்டையை இடப்பக்கத்திலிருந்தும் எடுக்க முடியாது, வலப்பக்கத்திலிருந்தும் எடுக்க முடியாது. பக்கச் சுவர் நெஞ்சளவு உயர்ந்துவிட்டதால் எட்டிக் குனியவும் வழியில்லை.

அகலம் கூடியதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுபவை. அங்கே கட்டுமானத்தின் அடிப்படை அலகு 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகை. அதைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டுமானால், தொட்டிக்குள் புடைத்து நிற்கும் இரு சக்கர மேடுகளுக்கும் இடையே 48 அங்குல இடைவெளியாவது வேண்டும். முழு அளவு பிக்கப் எல்லாவற்றிலும் இந்த இடைவெளி உண்டு. தச்சரின் பலகைதான் தொட்டியின் அகலத்தை முடிவுசெய்தது.

உயரம் கூடியதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான பிக்கப்களில் பின் அச்சு ஒரே கனமான குழாயாக வண்டியின் அடியில் குறுக்கே போகிறது. பாரம் ஏற்றி ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்த அச்சு மேல்நோக்கி எழும்பும். அதற்கு இடம் விட்டு அதன்மேல் அடிச்சட்டம், சட்டத்தின்மேல் தொட்டியின் தரை. டயர் பெரிதாக ஆக, அச்சு உயரும். அதோடு தரையும் உயரும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில் திறந்த பின்கதவின் உயரம் 85 முதல் 95 சென்டிமீட்டர் வரை வந்து நிற்கிறது. ஏறுவதற்கு அது உயரம். 75 சென்டிமீட்டர் என்ற உகந்த தூக்குமட்டத்துக்கும் அது மேலே.

இன்னொரு வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். நம் ஊரில் குட்டியானை என்று செல்லப்பெயர் பெற்ற டாடா ஏஸ் வந்து நின்றால், பெரும்பாலும் லோடுமேன்களும் கூடவே வந்துவிடுவார்கள். ஒருவர் கீழே நின்று தூக்கிக்கொடுக்க, இன்னொருவர் மேலே நின்று வாங்கி அடுக்குவார். இரண்டு பேர் இருந்தால் எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் பொருளை வாங்கியவரே வண்டி ஓட்டுகிறார், அவரே ஏற்றுகிறார், அவரே இறக்குகிறார். கட்டடப் பொருள் கடைகளில் அங்கே விற்கும் கான்கிரீட் கலவை மூட்டையின் எடை 80 பவுண்டு, அதாவது 36 கிலோ. 23 கிலோ வரம்பை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதை ஒற்றை ஆளாக, நெஞ்சளவு சுவரைத் தாண்டி, எட்டாத நடுவிடத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

தொட்டியில் வந்துசேர்ந்த வசதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ஆளின் இடத்தை நிரப்ப வந்தவை. அப்படிப் பார்த்தால் எது உண்மையான வசதி, எது அலங்காரம் என்பது தெளிவாகிவிடும்.

கதவு பாலமா, தடையா?

பின்கதவிலிருந்து தொடங்குவோம். ஒரு கதவின் எடை 25 கிலோ, உயரம் 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாழ்ப்பாளை விடுவித்ததும் அது தடுப்பாரின்றி விழுந்தால், எடைமையம் 27 சென்டிமீட்டர் இறங்குகிறது. வெளிப்படும் ஆற்றல், ஒரு கிலோ கல்லை இரண்டு மாடி உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். முழங்காலோ, பின்னால் நிற்கும் குழந்தையின் தலையோ அந்த ஆற்றலை வாங்கக் கூடாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது தணிப்பான். ஒரு குழாய்க்குள் வாயுவோ எண்ணெயோ சிறு துளை வழியே மெல்லக் கசிந்து, விழும் வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். கதவு மெதுவாக இறங்கும். ஆனால் மூடும்போது தூக்குகிற வேலை முழுதும் நம்முடையதே.

இரண்டாவது முறுக்குக் கம்பி. கதவின் கீல் ஓரமாக ஓர் எஃகுக் கம்பியின் ஒரு முனையைத் தொட்டியோடும், மறுமுனையைக் கதவோடும் பிணைத்துவிடுவார்கள். கதவு மூடியிருக்கையில் கம்பி தளர்வாக இருக்கும். திறக்கத் திறக்க அது முறுகும். கதவு செங்குத்தாக நிற்கும்போது புவியீர்ப்பு அதைச் சாய்ப்பதில்லை. கிடையாகப் படுக்கும்போதுதான் இழுப்பு உச்சத்தில் இருக்கும். கம்பியின் எதிர்ப்பும் அதே வரிசையில், தொடக்கத்தில் சுழியமாகவும் முடிவில் உச்சமாகவும் வளர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துகொள்வதால், இறக்கும்போதும் தூக்கும்போதும் கதவு இலேசாகிவிடுகிறது. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, ஒற்றைக் கம்பி. 2014 மாடல் ஷெவர்லே சில்வராடோவில் இந்த ஏற்பாடு வந்தது. கையில் ஒரு பொருளோடு வருபவர் மற்றொரு கையாலேயே கதவை ஆளலாம் என்பதால், செலவுக்குத் தகுந்த வசதிகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

திறந்த கதவு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. நீளமான மரச்சட்டம் ஏற்றும்போது அது ஒரு பாலம். தொட்டியின் நீளத்தைக் கூட்டித் தருகிறது. தொட்டிக்குள் இருக்கும் மூட்டையை எடுக்கப்போகும்போது அதே கதவு ஒரு தடை. 55 சென்டிமீட்டர் அகலமுள்ள மேசை ஒன்று நமக்கும் சுமைக்கும் நடுவே வந்து நிற்பதுபோல. 63 சென்டிமீட்டர் வரம்பில் பெரும்பகுதியைக் கதவே தின்றுவிடுகிறது.

இந்தச் சிக்கலைப் பல நிறுவனங்கள் பலவிதமாக அணுகின. 2005-ல் வந்த ஹோண்டா ரிட்ஜ்லைனின் கதவு கீழ்நோக்கியும் இறங்கும், வீட்டு வாசற்கதவுபோல் பக்கவாட்டிலும் திறக்கும். 2019-ல் ராம் நிறுவனம், கதவை 60-க்கு 40 என்ற விகிதத்தில் இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் திறக்கும்படி செய்தது. அதே 2019 மாடல் ஜிஎம்சி சியராவில் ஆறு நிலைகளில் மடங்கும் கதவு வந்தது. பெரிய கதவுக்குள் இருக்கும் சிறு கதவு கீழ்நோக்கி மடிந்துகொள்ள, ஆள் தொட்டியின் விளிம்பை ஒட்டியே நிற்க முடிகிறது.

இவற்றைக் கண்கட்டு வித்தை என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டித் தரை 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமை 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், உயரத்துக்கும் தூரத்துக்குமான கழிவு போக, நையாஷ் சமன்பாடு தரும் அனுமதி சுமார் 9 கிலோ. கதவு விலகி, அதே சுமை 30 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் 18 கிலோ. கதவு மடிந்த ஒரே காரணத்தால், நம் முதுகு பாதுகாப்பாகத் தூக்கும் எடை இரட்டிப்பாகிவிட்டது. எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பின்னால் இழுவைக் கொக்கியின் குண்டு பொருத்தியிருந்தால், மடிந்து இறங்கும் உட்கதவு அதில் மோதி நசுங்கலாம். திறப்பதற்கு முன் அதைக் கழற்றும் பழக்கம் வேண்டும்.

ஒரு குழியின் மதிப்பு

எட்டாத நடுவிடத்துக்கு இன்னொரு தீர்வு, ஆளே மேலே ஏறிவிடுவது. 90 சென்டிமீட்டர் உயரத்தை ஒரே எட்டில் ஏற முடியாது. முழங்காலை ஊன்றி, கையால் உன்னி ஏற வேண்டியிருக்கும். வீட்டுப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 18 சென்டிமீட்டர் போலத்தான் என்பதை நினைத்தால், இது ஐந்து படிகளை ஒரே தாவலில் கடப்பது போன்றது.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்தானது. களைப்பில் பலரும் குதித்துவிடுவார்கள். 90 சென்டிமீட்டரிலிருந்து குதித்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். முழங்காலை நன்றாக மடக்கி, 30 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த வேகத்தை அடக்கினால், கால்களில் விழும் சராசரி விசை உடல் எடையைப்போல 4 மடங்கு. விறைத்த காலோடு 10 சென்டிமீட்டரில் நின்றால் 10 மடங்கு. ஒரு நாளைக்கு முப்பது முறை ஏறி இறங்கும் தொழிலாளியின் மூட்டு இந்தக் கணக்கை வருடக்கணக்கில் சேர்த்துவைக்கும்.

ஃபோர்டு, தன் கனரக பிக்கப்களில் 2008 மாடலிலிருந்து, பின்கதவின் விளிம்புக்குள்ளிருந்து இழுத்து விரிக்கும் படி ஒன்றையும், பிடித்து ஏற ஒரு கைக்கம்பத்தையும் தந்தது. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கதவைத் திறந்து, படியை இழுத்து, கம்பத்தை நிமிர்த்த வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2014 மாடலில் வேறு வழியில் போயிற்று. பின் பம்பரின் இரு மூலைகளிலும் காலணி நுழையும் அளவுக்கு ஒரு குழி, அவ்வளவுதான். நகரும் பாகம் எதுவும் இல்லை, துருப்பிடித்து இறுக ஒன்றும் இல்லை. பின்கதவு மூடியிருந்தாலும், பின்னால் இழுவண்டி பூட்டியிருந்தாலும் கால் வைக்கலாம். தொட்டிச் சுவரின் மூலையில் கைப்பிடியும் இருப்பதால், இரண்டு கால், இரண்டு கை ஆகிய நான்கில் எப்போதும் மூன்று வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்க முடியும். உயரம் ஏறும் எல்லாத் தொழில்களிலும் சொல்லித்தரும் பாதுகாப்பு விதி அது.

எத்தனை மடிப்பு, எத்தனை மோட்டார் என்பதை வைத்து ஒரு வசதியை எடைபோடக் கூடாது என்பதற்கு இந்தக் குழியே சாட்சி. பத்து ஆண்டுகள் சேற்றிலும் உப்பிலும் உழன்ற பிறகும் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. குழி வேலை செய்யும்.

சுமை நகரக் கூடாது

ஏற்றிய சுமை அசையாமல் ஊர்போய்ச் சேர வேண்டும். வணிக வண்டிகளில் ஏற்றும் சுமைக்கான அமெரிக்க நடுவண் விதிகள் ஓர் அளவுகோலைத் தருகின்றன. கட்டுகள், முன்னோக்கிச் சுமையின் எடையில் 80 சதவீத விசையையும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 50 சதவீத விசையையும் தாங்க வேண்டும். திடீர் பிரேக்கில் ஏற்படும் உந்துதலை மனதில் வைத்த கணக்கு இது.

100 கிலோ பெட்டி ஒன்று வண்ணம் பூசிய இரும்புத் தரையில் இருக்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், உராய்வு 30 கிலோ எடைக்குச் சமமான விசையைத்தான் தாங்கும்; தேவையோ 80. மேலே பட்டை போட்டுக் கீழ்நோக்கி அழுத்தித்தான் மீதியைச் சரிக்கட்ட வேண்டுமென்றால், பட்டைகள் ஏறக்குறைய 167 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். இப்போது அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போடுங்கள். கெழு 0.6 ஆகிறது. தேவையான அழுத்தம் 33 கிலோ. உராய்வு இரட்டிப்பானதும் பட்டையின் வேலை ஐந்தில் ஒன்றாகிவிட்டது. விலை அதிகமில்லாத ரப்பர் விரிப்பு, தொட்டிக்கு நாம் வாங்கித் தரக்கூடிய மிகச் சிறந்த பொருள்களில் ஒன்று.

கொக்கி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பட்டை தரையோடு 90 பாகைக் கோணத்தில் இறங்கினால் இழுவிசை முழுவதும் அழுத்தமாகிறது. 30 பாகையில் சாய்ந்தால் பாதிதான் அழுத்தம்; மீதி வீண். கொக்கிகள் சுவரின் உச்சியில் மட்டும் இருந்தால், சுவரைவிடக் குட்டையான பெட்டியைப் பட்டையால் கீழ்நோக்கி அழுத்தவே முடியாது. ஆகவே தரைமட்டத்திலும் வளையங்கள் வேண்டும். ஒவ்வொரு சுமைக்கும் கொக்கியின் இடம் மாற வேண்டும் என்பதை உணர்ந்து, 2004 மாடல் நிசான் டைட்டனில் தண்டவாளம்போன்ற பள்ளங்களில் கொக்கியை நகர்த்திப் பூட்டும் அமைப்பு வந்தது. தொட்டி காலியாக இருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. ஒரு மோட்டார்சைக்கிளையோ குளிர்பெட்டியையோ ஏற்றிக்கொண்டு போகும் நாளில் அதன் அருமை விளங்கும்.

உறையும் பெட்ரோல் கேனும்

தொட்டியின் தரையைக் கீறலிலிருந்தும் துருவிலிருந்தும் காக்க இரண்டு வகை உறைகள் உண்டு. ஒன்று, அச்சில் வார்த்து அப்படியே உள்ளே வைக்கும் பாலிஎத்திலீன் உறை. மற்றொன்று, பாலியூரியாவோ பாலியூரித்தேனோ கொண்டு தெளித்துப் படியவைக்கும் பூச்சு. இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, பாலியூரியாவானால் சில நொடிகளிலேயே இறுகி, உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வைக்கும் உறை மலிவு. ஆனால் அதற்கும் உலோகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். மழைநீரும் மணலும் அங்கே புகுந்து தங்கும். வண்டி அதிர அதிர, மணல் உப்புத்தாள்போல வண்ணத்தைத் தேய்க்கும். ஈரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். காக்க வந்த உறைக்கு அடியிலேயே துரு ஒளிந்து வளரும். தெளித்த பூச்சில் இடைவெளி இல்லை; சொரசொரப்பால் சுமையும் வழுக்காது. ஆனால் வழுக்காத தரையில் கனமான பெட்டியைத் தள்ளி நகர்த்துவது கடினம். உராய்வு பயணத்தில் நண்பன், ஏற்றும்போது எதிரி. அடியில் ஒரு வழவழப்பான பலகையை வைத்து உள்ளே தள்ளிவிட்டு, பிறகு பலகையை உருவிக்கொள்வது அனுபவஸ்தர்கள் செய்யும் உபாயம்.

பிளாஸ்டிக் உறையில் உயிராபத்து ஒன்றும் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் குழாய் வழியே பாயும்போது நிலைமின்னூட்டம் உருவாகிறது. கேன் தரையில் இருந்தால் அந்த மின்னூட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் உறையோ மின்சாரத்தைக் கடத்தாது. தொட்டிக்குள் கேனை வைத்தபடியே நிரப்பினால், மின்னூட்டம் போக வழியின்றிச் சேர்ந்து, குழாயின் முனை அருகே வரும்போது பொறியாகத் தாவும். அங்கே பெட்ரோல் ஆவி காத்திருக்கும். இப்படித் தீப்பற்றிய நிகழ்வுகளை ஆராய்ந்து, 1998-ல் நையாஷ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கேனை எப்போதும் கீழே இறக்கி, தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். இறக்குவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து மிச்சப்படுத்தாதீர்கள்.

பெட்டிக்குள் பெட்டி

திறந்த தொட்டியில் கருவிகளை விட்டுச் செல்ல முடியாது. மழையும் உண்டு, திருட்டும் உண்டு. ரிட்ஜ்லைன் இதற்குத் தொட்டித் தரைக்கு அடியிலேயே பூட்டும் அறை ஒன்றைத் தந்தது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்குபவை. ஒற்றை அச்சுக்குழாய் எழும்ப இடம் விட வேண்டியதில்லை என்பதால்தான் அந்த அறைக்கு இடம் கிடைத்தது. அடியில் வடிகால் அடைப்பானும் உண்டு. பனிக்கட்டியைக் கொட்டிக் குளிர்பெட்டியாகவே பயன்படுத்தலாம். குறை ஒன்றுதான்: மேலே மண்ணோ மூட்டைகளோ ஏற்றிவிட்டால், அடியில் இருப்பதை எடுக்க முடியாது.

2009 மாடல் ராம் வண்டி சக்கரத்துக்கு மேலே, பக்கச் சுவருக்குள்ளேயே பெட்டிகளை அமைத்தது. தொட்டி நிறைந்திருந்தாலும், வெளியே நின்றபடி, நெஞ்சுக்கு நேராகக் கருவியை எடுக்கலாம். அதற்கு விலையாகத் தொட்டியின் அகலத்தில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் 4 அடிப் பலகை படுக்கும் இடத்தை மட்டும் அதன் பொறியாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 2002 மாடல் ஷெவர்லே அவலாஞ்ச் இடத்தையே கூட்டியது. ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள சுவரை மடக்கினால், 5 அடிச் சொச்சம் நீளமுள்ள தொட்டி 8 அடியாக நீளும். தினமும் ஐந்து பேர் போகிற குடும்பத்துக்கும் மாதம் ஒருமுறை பிளைவுட் வாங்குகிற தச்சருக்கும் ஒரே வண்டி போதும் என்றாயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விலையை மறந்துவிடக் கூடாது. ஒரு வண்டி தாங்கக்கூடிய மொத்த எடைக்கு வரம்பு உண்டு. அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்றக்கூடிய சுமை. மடக்குக் கதவு, பெட்டி, மூடி, மோட்டார் என்று சேரும் ஒவ்வொரு கிலோவும் சுமைக் கணக்கிலிருந்தே கழிகிறது.

வெளிச்சம், மின்சாரம், காற்று

தொட்டி விளக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலே மூடி போட்ட தொட்டி பகலிலும் இருட்டு. மூடிக்குக் கீழே, பக்கச் சுவரில் பொருத்திய எல்ஈடி விளக்கு மட்டுமே அங்கே உதவும். ஓட்டுநர் அறையின் முதுகில் உயரத்தில் இருக்கும் பழைய விளக்கு மூடியின் மேல்தான் ஒளியைக் கொட்டும்.

மின்செருகியின் கதை வேறு. 2005 மாடல் டொயோட்டா டகோமாவில் கிடைத்த செருகி 400 வாட் தரும். துளைக்கருவியின் பேட்டரிக்குப் போதும், வட்ட ரம்பத்துக்குப் போதாது. 2021 மாடல் ஃபோர்டு எஃப்-150 கலப்பின வண்டியில் 7.2 கிலோவாட் வரை கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கடும் பனிப்புயலால் டெக்சாஸ் மாநிலம் இருளில் மூழ்கியபோது, கையிருப்பில் இருக்கும் அத்தகைய வண்டிகளை மக்களுக்குக் கொடுத்து உதவும்படி ஃபோர்டு தன் விற்பனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேலைத்தளத்தில் ரம்பம் ஓட்டத் தந்த செருகி, உறைந்த வீடுகளில் வெப்பமூட்டியையும் குளிர்பதனப் பெட்டியையும் ஓட்டியது. ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: இன்ஜின் ஓடும் வண்டியை மூடிய கொட்டகைக்குள் நிறுத்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும், எரிபொருள் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். காற்றுச் சுரங்கச் சோதனைகள் நேர்மாறாகச் சொல்கின்றன. கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் ஒரு காற்றுச்சுழல் உருண்டுகொண்டே தங்கிவிடுகிறது. மேலே பாயும் காற்று அந்தச் சுழலின் முதுகில் ஏறி, ஒரு மூடியின்மேல் வழுக்குவதுபோலக் கடந்துவிடும். கதவைத் திறந்தால் சுழல் கலைந்து இழுவை கூடுகிறது.

அளவு நாடாவோடு போங்கள்

பிக்கப் வாங்க நினைப்பவருக்கு என் வேண்டுகோள் இது. விற்பனைக்கூடத்துக்கு ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோங்கள். கதவைத் திறந்து, தரையிலிருந்து தொட்டியின் உயரத்தை அளங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து, வழக்கமாக ஏற்றும் பொருள் இருக்கப்போகும் இடம் வரை அளங்கள். 60 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால், அந்தத் தூரத்தைக் குறைக்கும் வசதி எதுவோ அதற்குத் தயங்காமல் பணம் கொடுங்கள். ஒரு முறை மேலே ஏறி இறங்குங்கள். கைக்கு ஒரு பிடி, காலுக்கு ஓர் ஊன்று கிடைக்கிறதா பாருங்கள். குனிந்து தரை வளையங்களை எண்ணுங்கள். தூரம், உயரம், வழுக்கல் ஆகிய மூன்றில் ஒன்றையாவது குறைக்காத வசதி இல்லாமலும் காலம் தள்ளலாம்.

1925-ன் விவசாயி 40 அங்குலத் தொட்டியின் ஓரத்தில் நின்று, நடுவில் இருந்த பால் கேனைக் கைநீட்டி எடுத்தார். அவருக்குப் படியும் தேவைப்படவில்லை, மடக்குக் கதவும் தேவைப்படவில்லை. நூறு ஆண்டுகளில் தொட்டி அகன்றது, ஆழ்ந்தது, உயர்ந்தது. அதை ஏற்றி இறக்கும் மனிதரின் கை மட்டும் அதே நீளத்தில்தான் இருக்கிறது. அந்தக் கைக்கும் சுமைக்கும் இடையே விழுந்த தூரத்தைத்தான் பம்பர் மூலையில் இருக்கும் ஒரு சிறு குழி இன்று நிரப்பிக்கொண்டிருக்கிறது.